முப்பத்தோரு விரிசல்

கோகிலவாணி ஓடிவிட்டாள். பிரேயர் மணி அடித்தால் ஓடாமல் என்ன செய்வாள். ஆனால் ஓடுகிறவள் சும்மா ஓடியிருக்கக் கூடாதா, பட்டறைக் கதவண்டை நின்று திரும்பிப் பார்த்து, "போச்சாது, விடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோயமுத்தூர்ப் பக்கத்தில் நாங்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தைதான், பரவாயில்லை என்கிறதுக்கு. டீ கொட்டினால் போச்சாது, பஸ் போய்விட்டால் போச்சாது. அதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை, எழவு வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிற பெரிய மனுசி மாதிரிச் சொன்னாள். கத்தியிருந்தால் தேவலை. இந்தப் பள்ளிக்கூடத்துத் தச்சுப் பட்டறையில் இருபத்திரண்டு வருசமாக உதவியாளாக இருக்கிறேன், பிள்ளைகள் என்னிடம் கத்தியிருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள், மயிலாத்தாள் என்கிற பேரை மயிலு மயிலு என்று கூவிவிட்டு ஓடி ஒளிந்திருக்கிறார்கள், ஒருத்தரும் என்னைப் பார்த்துப் பாவப்பட்டதில்லை. இன்றைக்கு முதல் ஆளாக வந்தாள். தேர்வுக்குத் தான் செய்த சாமானைத் தேடி எடுத்தாள். திருப்பினாள், கவிழ்த்தாள், சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நான் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், இப்போ நல்லதாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று. "விரிசல் எங்கக்கா?" என்றாள். "விரிசலா? இனி நீ தேடுனாலும் கெடைக்காது கண்ணு. நேத்து லீவுன்னும் பாக்காம வந்து ஒக்காந்து அத்தனையும் அடச்சுத் தேச்சுட்டேன்." என் வாயை என்ன செய்வது. எவ்வளவு பெருமையாகச் சொன்னது அது. அவள் மெதுவாக, எனக்கு வலித்துவிடக் கூடாது என்கிற மாதிரி மெதுவாக, "அந்த விரிசலத்தானுங்க்கா இன்னைக்குக் காட்டோணும். அதுக்குத்தான் மார்க்கு" என்றாள். அப்புறம்தான் மணி அடித்தது.

மைதானத்தில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. மைக்கில் பாடுகிற பிள்ளைக்கு மூக்கு அடைத்திருக்கிறது, இங்கே வரைக்கும் கேட்கிறது. பிரேயர் முடிய இருபத்தஞ்சு நிமிசம். முடிந்ததும் பட்டறை வாத்தியார் திருமூர்த்தி சார் போட்டோ எடுக்க வருவார். பத்து மணிக்கு மார்க் போடுகிறவர்கள் வருவார்கள். நூறு மார்க்கில் நாற்பது இன்றைக்கு. நீள மேசையில் முப்பத்தோரு சாமான் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது, தலை வாரிப் பொட்டு வைத்த பிள்ளைகள் மாதிரி. மாத்திரைப் பெட்டி, சைக்கிளில் சாப்பாட்டுத் தூக்குப்போசி மாட்டுகிற கொக்கி, வாசலில் செருப்பு வைக்கிற சாய்வுப் பலகை, வீட்டில் என்ன கஷ்டம் என்று பார்த்து அதுக்கு ஒரு சாமான் செய்யச் சொன்னார்கள். கோகிலவாணியுடையது குடம் வைக்கிற முக்காலி. அவள் அம்மா ஸ்பின்னிங் மில்லில் நின்றே வேலை செய்கிறவள், குனிந்து குடம் தூக்க முடியாது, இடுப்பு உசரத்தில் குடம் நிற்க வேண்டும். போன புதன்கிழமை முக்காலி மேல் குடத்தை வைத்து லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றினாள். பதினாலாவது லிட்டரில் ஒரு கால் நடுவில் குறுக்காகக் கீறியது. நான் அந்த மூலையில் மரத்தூள் அள்ளிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, மரம் கீறுகிற சத்தத்துக்கு எனக்கு முதுகில் காது. பார்த்தால் அவள் கை தட்டுகிறாள். மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். "பாருங்கடி, நான் சொன்னனா, மரத்து நாரு குறுக்கால ஓடுது, அதனாலதான்" என்று நோட்டை எடுத்து எழுதுகிறாள். அடி பாவமே, அழுகையை மறைக்கத்தான் இப்படி ஆடுகிறாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். ஒரு பிள்ளை சந்தோசமாகக் கை தட்டுகிறது, எனக்கு அது அழுகையாகத் தெரிகிறது, அப்படி என்ன கண்ணு இது. உள்ளே போய் உட்கார்ந்தது அந்தக் கீறல். இவளை இப்படி நிற்க விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

முந்தின நாள் வேலை என்று அதுக்குப் பேர். நான் வைத்த பேர் இல்லை, எங்க வீட்டுக்காரர் இங்கே வேலை பார்த்தபோதே இருந்த வழக்கம், அவர் போனதும் வேலை எனக்கு வந்தது, வேலையோடு வழக்கமும் வந்தது. பழைய பாடத்தில் தேர்வுக்கு வருகிறவர் சாமானை எடுத்து ஆட்டிப் பார்ப்பார், விரல் முட்டியால் தட்டுவார், ஆடாமல் இருந்தால் மார்க். அவ்வளவுதான் பாடம். அதனால் முந்தின நாள் பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் நான் மேசை மேசையாகப் போவேன். ஆடுகிற காலுக்கு மரத்துண்டைச் சக்கையாக வைப்பேன், இடைவெளிக்கு மரத்தூளும் பெவிகாலும் குழைத்து அப்புவேன், காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். காலையில் பிள்ளைகள் வந்து தங்கள் சாமானையே அடையாளம் தெரியாமல் பார்ப்பார்கள், கொஞ்ச நேரத்தில் தாங்களே செய்தது என்று நம்பிவிடுவார்கள். எத்தனை வாத்தியார் மாறினார்கள், எல்லாருக்கும் தெரியும், ஒருத்தர் கேட்டதில்லை. "அக்கா இருக்கையில நமக்கென்னங்க" என்று ஒருத்தர் தேர்வு வைக்க வந்தவரிடமே சொன்னார், அவரும் சிரித்தார், எனக்கும் சேர்த்து வடை வந்தது. அஞ்சாவது வரைக்கும் படித்தவளுக்கு அதைவிட என்ன பட்டம் வேண்டும். உறுதிமொழி சொல்கிறார்கள், முன்னால் ஒருத்தன் சொல்ல ஆயிரம் பிள்ளைகள் பின்னால் சொல்கிறார்கள், வார்த்தை ஒன்றும் புரியவில்லை, இரைச்சல்தான் வருகிறது. விரிசல் எங்கக்கா. தெரியாது என்று சொல்ல முடியாது எனக்கு. காதில் விழாமல் இல்லை. விழுந்தது. புதுப் பாடத்துக்கான பத்து நாள் பயிற்சிக்குப் போய் வந்த அன்றைக்கே திருமூர்த்தி சார் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கொண்டுவந்த கட்டு நோட்டை மடியில் போட்டுக்கொண்டு சொன்னார், "மயிலக்கா, இனிமே தப்புப் பண்ணுனாத்தான் மார்க்காமா. தப்புப் பண்ணோணும், ஏன் தப்பாச்சுன்னு எழுதோணும், அப்புறம் திருத்தோணும். அப்படிப் பாத்தா நானெல்லாம் ஸ்டேட் பர்ஸ்ட்டு." நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு நடுக்கம் இருந்தது, அதுவும் எனக்குக் கேட்டது. பாவம் மனுசன், பதினெட்டு வருசமாக அளவு சொல்லி வெட்டச் சொல்லி ஒட்டச் சொல்லிப் பழகினவர், இப்போ எந்த அளவும் சொல்லக் கூடாதாம், பிள்ளைகளே யோசிக்க வேண்டுமாம், இவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். முதல் மாசம் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு நடந்தார். ஒரு பையன் ரம்பத்தைத் தலைகீழாகப் பிடித்தான், இவர் வாயைத் திறந்து மூடினார், திறந்து மூடினார், மீன் மாதிரி. கடைசியில் என்னைப் பார்த்து, "நான் சொல்லலாமாங்க்கா?" என்றார். அப்படிப் பட்டுப் பட்டுத்தான் கற்றுக்கொண்டார். நாலு மாசத்தில் அவர் கை அடங்கிவிட்டது. என் கையை ஒருத்தரும் பயிற்சிக்குக் கூட்டிப் போகவில்லை. காதில் விழுந்தது கைக்குப் போய்ச் சேரவில்லை. இப்படியெல்லாம் சொன்னால் ஆகுமா. கை என்ன தனியாகவா நேற்று பஸ் ஏறி வந்தது, நானும்தான் வந்தேன். வெள்ளிக்கிழமை போகும்போது சார், "திங்கக்கெழம காலைல போட்டோ எடுக்கோணுங்க்கா, எல்லாத்தையும் மேச மேல எடுத்து வெச்சிருங்க" என்றார். போட்டோ என்றால் பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு எடுக்கிற போட்டோ. அதுக்கு எதையாவது ஒடிந்தபடி நிறுத்தியிருக்கிறோமா இத்தனை வருசத்தில்.

அதே வெள்ளிக்கிழமை ஒரு தாளில் கையெழுத்தும் போட்டார். ஸ்டாம்ப் பேடு எடுத்துக் கொடுத்ததே நான்தான். இந்த வேலை முழுக்க மாணவர் கையால் செய்தது, வேறு யார் கையும் படவில்லை என்று. படித்துக் காட்டினார். ஒரு சாமானில் வேறு கை பட்டிருந்தாலும் மொத்த வகுப்புக்கும் மார்க்கை நிறுத்தி வைப்பார்கள் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது, அதையும் படித்துக் காட்டினார். சொன்னால் அந்தத் தாள் பொய்யாகும். சொல்லாவிட்டால் பிள்ளைகளின் நோட்டு பொய்யாகும், பதினாலாவது லிட்டரில் கீறியது என்று கோகிலவாணி எழுதியிருக்கிறாள், கீறின கால் எங்கே என்று கேட்டால் அவள் எதைக் காட்டுவாள். சொன்னால் சார் போவார், சொல்லாவிட்டால் பிள்ளைகள் போவார்கள், சொன்னாலும் பிள்ளைகள் போவார்கள். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது. மறுபடியும் ஒடித்துவிட்டால் என்ன. சுத்தியல் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியுமே, பெவிகால் போட்டு இறுக்கிக் காய வைத்த மரம் ஒட்டின இடத்தில் திரும்ப ஒடியாது. பக்கத்தில் ஒடியும். நல்ல மரம் ஒடியும், ஒட்டு நிற்கும். அந்தப் பெருமையைத்தான் இத்தனை வருசம் பேசிக்கொண்டிருந்தேன். அப்புறம் தண்ணீரின் கனத்தில் தானாகக் கீறினதுக்கும் சுத்தியல் அடிக்கும் வித்தியாசம் குருடனுக்குக்கூடத் தெரியும். சுடுதண்ணீரில் போட்டால் பசை இளகும், பிளைவுட்டும் அப்பளம் மாதிரி உப்பும். மைக்கில் செய்தி வாசிக்கிறார்கள். எங்கேயோ மழை, எங்கேயோ ரயில். நந்தகுமார் முகம் ஏன் இப்போது வருகிறது. ஆறு வருசத்துக்கு முன்னால் படித்தவன், நாற்காலி செய்து பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கினவன். அந்த நாற்காலியில் நாலு காலும் நான் வைத்தது. அவன் இருக்கை மட்டும்தான் செய்தான், அதுவும் சாய்ந்திருந்தது. அதை நம்பி பர்னிச்சர் கம்பெனிக்குப் போனான். ஒரு நாள் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாப்பில் பார்த்துவிட்டு ஓடிவந்து, "ஸ்கூல்ல எல்லாமே கச்சிதமா வந்துதுங்க்கா, அங்க போனா ஒண்ணுகூடப் பொருந்த மாட்டீங்குது, கையே மாறிப்போச்சாட்ட இருக்குது, மூணே மாசத்துல போகச் சொல்லிட்டாங்க" என்று தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னான். இப்போது பரோட்டாக் கடையில் நிற்கிறானாம். கை மாறவில்லை சாமி, உன் கை உன் கைதான், அங்கே நான் இல்லை, அவ்வளவுதான் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது என்று ஏறிவிட்டேன். அது என் பஸ்கூட இல்லை. அவன் ஒருத்தன்தானா. வருசத்துக்கு முப்பது பேர் என்று வைத்தாலும், வேண்டாம், அதைப் பெருக்கிப் பார்க்க வேண்டாம். எல்லாரும் எங்கேயோ நின்று தங்கள் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா. நல்லது செய்கிறோம் என்று நினைத்தேன். பிள்ளைகள் தலை குனியக் கூடாது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லப்போனால் அதுகூட முழுசாக இல்லை, காலையில் அதுகள் வந்து ஆச்சரியமாகப் பார்க்கிற அந்தப் பார்வை எனக்கு வேண்டியிருந்தது. வீட்டில் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வேன், சுவரைப் பார்ப்பேன். இங்கே முப்பத்தோரு பேருக்கு நான் வேண்டும். அப்படி இருந்தது.

ஹெட்மாஸ்டர் பேச ஆரம்பித்துவிட்டார். இனி ஏழெட்டு நிமிசம்தான். மேசை டிராயரில் தச்சுப் பென்சில் இருந்தது, எடுத்துவிட்டேன். எதுக்கு எடுத்தேன் என்று எடுத்த பிறகுதான் தெரிந்தது. விரிசலைத் திரும்பக் கொண்டுவர முடியாது, அது எங்கே இருந்தது என்று கோடாவது போடலாம். கோகிலவாணியுடையதை முதலில் எடுத்தேன். கவிழ்த்து மடியில் வைத்தேன். மூன்று காலில் எந்தக் கால். தடவிப் பார்க்கிறேன், மழமழவென்று இருக்கிறது. நகத்தை வைத்துக் கீறிப் பார்க்கிறேன், நகம் எங்கேயும் நிற்கவில்லை. நேற்று மத்தியானம் நானே அடைத்தது, இன்றைக்குக் காலையில் எனக்கே கிடைக்கவில்லை. அவ்வளவு நல்ல வேலை. சன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன், பெவிகால் பட்ட இடம் மட்டும் கொஞ்சம் மஞ்சள் தட்டித் தெரிந்தது. அதன் மேலே கோடு போட்டேன். பக்கத்தில் எழுதினேன், இங்கே உடஞ்சது. எழுதிவிட்டு நின்றேன். இதோடு விட்டால் இதுவும் ஒரு பொய்தான், உடைந்தது இப்போது ஏன் உடையாமல் இருக்கிறது. ஒட்டியது மயிலாத்தாள் என்று கீழே எழுதினேன். சம்பளப் பட்டியல் தவிர வேறு எங்கேயும் என் பேரை நான் எழுதினதில்லை. அடுத்தது மாத்திரைப் பெட்டி, மூடி பிளந்தது, அது ஞாபகம் இருக்கிறது. செருப்புப் பலகை, ஆணி அடித்த இடம். கொக்கி. கொக்கியில் எங்கே. இது யாருடையது. இதில் ஒடிந்ததா, வளைந்ததா. பதினொன்று போட்டேன், பன்னிரண்டு போட்டேன், அதுக்கு மேல் கை எடுக்கிறது, வைக்கிறது, எடுக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் தன் விரிசல் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும், நான் ஒரே நாளில் முப்பத்தொன்றையும் பார்த்தேன், ஒன்றையும் பார்க்கவில்லை. ஓட்டை என்று பார்த்தேன், அடைக்க வேண்டியது என்று பார்த்தேன். பதினேழோடு நின்றுவிட்டது. பேண்டு வாத்தியம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், வரிசையாக வகுப்புக்குப் போகிற சத்தம், நூற்றுக்கணக்கான செருப்பு.

திருமூர்த்தி சார் வந்தார். ஒரு கையில் செல்போன், மறு கையில் வருகைப் பதிவேடு. "சீக்கிரம் எடுத்துறலாங்க்கா, அவுங்க அவிநாசி ரோட்டுக்கு வந்துட்டாங்களாமா" என்று சொல்லிக்கொண்டே முதல் சாமானைப் பார்த்துச் செல்போனைத் தூக்கினார். தூக்கின கை அப்படியே நின்றது. அடுத்ததைப் பார்த்தார். அதுக்கடுத்ததை. முக்காலியை எடுத்து என் எழுத்தைப் படித்தார், இரண்டு வரிதான், ரொம்ப நேரம் படித்தார். "எல்லாமேங்களா?" என்றார். "எல்லாமேதானுங்க சார்." திட்டுவார் என்று தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். திட்டவில்லை. என் ஸ்டூலில் உட்கார்ந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமல்லங்க்கா" என்றார். அப்புறம் தனக்குத்தானே, "நான் சொல்லியிருக்கோணும். தொடாதீங்கன்னு ஒரு வார்த்த நான் சொல்லியிருக்கோணும்" என்றார். எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது, என்னைவிடச் சின்னவர். "சார், நான் அவுங்ககிட்டயே சொல்லிப்போடறேன். என் தப்புன்னு சொல்றேன். உங்குளுக்குத் தெரியாதுன்னு சொல்றேன்." "சொன்னா நாப்பதும் போகுங்க்கா. முப்பத்தோரு பேருக்கும். நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்." "சொல்லாட்டி?" "நோட்டு இருக்குது. வாயால சொல்லுவாங்க. நாப்பதுக்குப் பதினஞ்சாவது வரும், பன்னெண்டாவது வரும். பாஸ் ஆயிருவாங்க." எழுந்தார். சன்னல் மேடையில் நேற்று நான் வைத்துவிட்டுப் போன உப்புத்தாள் கிடந்தது. எடுத்துக் கிழித்து எனக்கு ஒரு துண்டு தந்தார். கோகிலவாணியின் முக்காலியை மேசையில் வைத்துவிட்டு, அதை அவரால் முதலில் தொட முடியவில்லை போலிருக்கிறது, செருப்புப் பலகையை எடுத்து என் பேரை அழிக்க ஆரம்பித்தார். நான் மறுகோடியிலிருந்து ஆரம்பித்தேன். பென்சில் மரத்தில் ஏறியிருந்தால் லேசில் போகாது, கொஞ்சம் அழுத்த வேண்டும். கதவண்டை பிள்ளைகள் வந்து நின்றுவிட்டார்கள். நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையில் எண்ணெய் தடவி, நல்ல யூனிபார்ம் போட்டு வந்திருந்தார்கள். ஒருத்தரும் உள்ளே வரவில்லை. பார்த்தார்கள், வாத்தியாரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மேசையைப் பார்த்தார்கள், புரிந்துகொள்கிறது ஒவ்வொரு முகத்திலும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது, எனக்கு அது கேட்டதுகூட. அவர்களில் ஒருத்தி உள்ளே வந்தாள். கோகிலவாணிதான். நேராகத் தன் முக்காலியிடம் போனாள், கவிழ்த்தாள், நான் எழுதியிருந்ததைப் படித்தாள். கோட்டைப் பார்த்தாள். "இந்தக் காலு இல்லீங்க்கா" என்றாள். "அந்தக் காலு." வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது, வாட்ச்மேன் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. சார் தலையைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டேயிருந்தார். அவள் என் பக்கம் கையை நீட்டி, "எனக்கும் ஒரு துண்டு குடுங்க்கா" என்றாள். என் கையிலிருந்ததைக் கிழித்துப் பாதியைக் கொடுத்தேன். முக்காலியில் என் பேர் மேல் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.